கடலுக்குத் திறந்த திடல்: தரங்கம்பாடியும் திரியெஸ்தேயும்

மதில் சூழ்ந்த ஓர் ஊரில் நிலம் எப்போதும் விலையேறியதாகவே இருக்கும். வணிகருக்குக் கிடங்கு வேண்டும், படைவீரருக்குத் தங்குமிடம் வேண்டும், வழிபாட்டுக்கு ஆலயம் வேண்டும் என்று ஒவ்வொரு கோல் நிலத்துக்கும் பலர் போட்டியிடும் இடத்தில், பெரியதொரு பரப்பை எதுவும் கட்டாமல் விட்டுவைக்க யாரோ ஒருவர் முடிவெடுத்திருக்கிறார் என்றால் அதற்கு வலுவான காரணம் இருந்தே தீரும். அப்படி விடப்பட்டு, சுற்றிலும் கட்டடங்கள் எழும்பியதால் உருப்பெற்ற திறந்தவெளியையே நகரச் சதுக்கம் என்கிறோம். இத்தாலியர் இதைப் பியாத்சா என்பர். சந்தை கூடுவதும், அரசாணை வாசிக்கப்படுவதும், திருவிழா நடப்பதும், கிளர்ச்சி வெடிப்பதும் அங்கேதான் என்பதால், அரண்மனையையோ ஆலயத்தையோ பார்ப்பதைவிட அவற்றுக்கு முன்னுள்ள வெற்றிடத்தைப் பார்ப்பது ஓர் ஊரின் வரலாற்றை விரைவாகப் புரியவைக்கும். கடற்கரை நகரங்களில் இந்த வெற்றிடத்துக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு: அதன் ஒரு பக்கம் நீருக்குத் திறந்திருக்கும். அந்தப் பக்கத்தை எதற்காகத் திறந்து வைத்தார்கள் என்று கேட்டால், அந்த ஊர் எதை நம்பி வாழ்ந்தது, எதற்கு அஞ்சியது என்பது தெரிந்துவிடும்.

இதற்கு ஐரோப்பாவில் பலரும் எடுத்துக்காட்டும் இடம், இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ஏத்ரியாட்டிக் கடலோரம் அமைந்த திரியெஸ்தே நகரின் இத்தாலிய ஒற்றுமைச் சதுக்கம். மூன்று பக்கம் மாளிகைகளும் நான்காம் பக்கம் கடலுமாக, 12,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் விரியும் இது, கடலைப் பார்த்த சதுக்கங்களில் ஐரோப்பாவிலேயே பெரியது எனப் பெயர்பெற்றது. இந்நகரம் 1382 முதல் 1918 வரை ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின், அதாவது வியன்னாவைத் தலைநகராகக் கொண்ட பேரரசின் ஆட்சியில் இருந்தது. 1719ஆம் ஆண்டில் பேரரசர் ஆறாம் சார்லஸ் இதனைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அறிவித்த பிறகே ஊர் செழித்தது. சதுக்கத்தில் 1751க்கும் 1754க்கும் இடையில் சிற்பி மத்சோலேனி எழுப்பிய நான்கு கண்டங்களின் நீரூற்று அந்தச் செழிப்பின் நேரடிச் சாட்சி: ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய நான்கிலிருந்தும் செல்வம் இத்துறைமுகத்துக்கு வந்து சேர்வதாக அதன் உருவங்கள் சொல்கின்றன. ஆஸ்திரேலியா ஐரோப்பியரின் வணிக வரைபடத்தில் இன்னும் இடம்பெறாத காலம் என்பதால் ஐந்தாவது உருவம் இல்லை.

இன்று காணும் வடிவம் அவ்வளவு பழையதன்று. முன்பு சதுக்கத்தின் கடற்பக்கத்தில் மந்திராக்கியோ என்ற சிறு படகுத்துறை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைத் தூர்த்து, கடலை மறைத்து நின்றவற்றையும் அகற்றிய பிறகுதான் நான்காம் பக்கம் முழுமையாகத் திறந்தது. அதன்பின் 1875இல் கட்டடக்கலைஞர் ஜுசெப்பே புரூனியின் நகராட்சி மாளிகை கடலுக்கு நேர் எதிரே எழுந்தது. 1883இல் ஆஸ்திரிய லாயிட் கப்பல் நிறுவனத்தின் மாளிகை பக்கவாட்டில் அமைந்தது. நகராட்சி ஒரு பக்கமும் கப்பல் நிறுவனம் ஒரு பக்கமும் அரசுப் பிரதிநிதியின் மாளிகை மற்றொரு பக்கமும் கடலோடு சேர்ந்து நின்றன என்பதே அவ்வூரின் அதிகார அமைப்பை வரைந்து காட்டுகிறது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் இந்நிறுவனத்தின் நீராவிக் கப்பல்கள் பம்பாய்க்கு வந்துபோயின. சதுக்கத்தை விட்டுப் புறப்பட்ட கடல்வழி இந்தியாவரை நீண்டிருந்தது.

நகரம் இத்தாலியின் கைக்கு மாறிய பிறகு அதே திறந்தவெளி கொடுமைக்கும் மேடையாயிற்று. 1938 செப்டம்பர் 18ஆம் நாள் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி இங்கே திரண்டிருந்த பெருங்கூட்டத்தின் முன், யூதர்களின் உரிமைகளைப் பறிக்கும் இனச்சட்டங்களை அறிவித்தார். அந்த வருகைக்கு இடம் செய்வதற்காகவே நான்கு கண்டங்களின் நீரூற்று பெயர்த்தெடுக்கப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பிறகே அது திரும்பி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எந்த நாட்டுக்கு உரியது என்ற வழக்கில் சிக்கிய திரியெஸ்தே 1954 அக்டோபரில் இத்தாலிக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு சதுக்கத்துக்கு இன்றைய பெயர் சூட்டப்பட்டது. ஒரே கல்தளத்தின் மேல் பேரரசும் சர்வாதிகாரமும் குடியரசும் மாறிமாறி நின்றிருக்கின்றன என்பதை அங்கே செல்பவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய இடம் தேடுவோர் தரங்கம்பாடிக்குத்தான் செல்ல வேண்டும். மயிலாடுதுறை மாவட்டத்தில், காரைக்காலுக்குச் சற்று வடக்கே அமைந்த இச்சிற்றூரின் முதன்மைத் தெருவான கிங்ஸ் தெரு, மேற்கே நகர வாயிலில் தொடங்கி நேராகக் கிழக்கு நோக்கி ஓடி, கடலை ஒட்டிய அகன்ற திடலில் முடிகிறது. படைவீரர்கள் அணிவகுத்துப் பயிற்சி செய்த வெளி என்பதால் அதற்கு அணிவகுப்புத் திடல் என்று பெயர். ஒரு பக்கம் டென்மார்க் நாட்டவர் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, எதிரே ஆளுநர் மாளிகை உள்ளிட்ட பழைய பங்களாக்கள், கிழக்கே வங்கக் கடல். வருபவர்களில் பெரும்பாலோர் வண்டியை விட்டிறங்கித் திடலை விறுவிறுவெனக் கடந்து கோட்டைக்குள் நுழைந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியதில் பாதியை அப்போதே கடந்துவிடுகிறார்கள் என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

டென்மார்க்கின் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் 1616இல் தம் நாட்டின் கிழக்கிந்திய நிறுவனத்துக்கு உரிமை வழங்கினார். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஏற்கெனவே கடல்களைப் பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்தில் தாமதமாகப் புறப்பட்ட டேனிஷ்காரர்கள், தளபதி ஓவே யெட்டே தலைமையில் முதலில் இலங்கையை நாடி, அங்கே எதிர்பார்த்தது கைகூடாமல், சோழமண்டலக் கரைக்கு வந்தனர். தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதர் கடலோர வணிகத்தில் போர்த்துக்கீசியரை மட்டுமே நம்பியிருக்க விரும்பாதவர் என்பதால், புதிய ஐரோப்பியரை வரவேற்பது அவருக்கும் ஆதாயமாக இருந்தது. 1620 நவம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. நாயக்கர் டேனிஷ் மன்னருக்குத் தமிழில் எழுதுவித்த தங்க ஓலை இன்றும் கோப்பன்ஹேகனில் பாதுகாக்கப்படுகிறது. ஒப்பந்தப்படி கிடைத்த சிறிய கடலோர நிலத்தில் கோட்டை எழுந்தது; அதன் பின் 225 ஆண்டுகள், இடையில் ஆங்கிலேயர் இரண்டு முறை கைப்பற்றிய காலத்தைத் தவிர்த்து, டேனிஷ் கொடி அங்கே பறந்தது.

டேனிஷ்காரர்கள் வந்தபோது இது வெறும் மணல்மேடாக இருக்கவில்லை. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் கரையோரத்தில் ஏற்கெனவே நின்றது. அக்கோயில் கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கிறது. பட்டினம் என்பது கடல்வணிக ஊருக்குரிய சொல். ஆகவே வணிகத் துறைமுகம் ஒன்றின் மேல்தான் ஐரோப்பியக் கோட்டையூர் வந்து அமர்ந்தது என்று கொள்ளலாம். சுற்றுலாக் கையேடுகள் பலவும் தரங்கம்பாடியின் கதையை 1620இலேயே தொடங்குவது பெருங்குறை.

கோட்டைக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே இவ்வளவு அகன்ற வெளி ஏன் விடப்பட்டது என்ற கேள்விக்கு, அக்காலக் கோட்டைக் கலையில் விடை உண்டு. பீரங்கி போர்முறையை மாற்றிய பிறகு, மதிலின் உயரத்தைவிட மதிலுக்கு முன்னுள்ள வெட்டவெளியே காவலுக்கு முக்கியமாயிற்று. பகைவர் ஒளிந்து முன்னேற வீடோ மரமோ இருக்கக்கூடாது, கொத்தளத்திலிருந்து, அதாவது மதில் மூலையில் வெளியே பிதுங்கிநிற்கும் பீரங்கி மேடையிலிருந்து, குண்டு தடையின்றிப் பாய வேண்டும். கல்கத்தாவில் 1757க்குப் பிறகு ஆங்கிலேயர் புதிய வில்லியம் கோட்டையைக் கட்டியபோது சுற்றிலும் காடழித்து விட்ட வெளிதான் இன்று அந்நகரம் மூச்சு விடும் மைதானமாக நிலைத்திருக்கிறது. தரங்கம்பாடித் திடல் அளவில் அதைவிட மிகச் சிறியது. ஆனால் காவலுக்காக வெறுமையாக விடப்பட்ட நிலம் பின்னாளில் மக்கள் கூடும் பொதுவெளியாக மாறியது என்ற கதை இரண்டுக்கும் ஒன்றே. திரியெஸ்தேயின் சதுக்கம் கப்பலை வரவேற்கத் திறந்தது. தரங்கம்பாடியின் திடலோ கப்பலைக் கண்காணிக்கவும் ஊரைக் கட்டுக்குள் வைக்கவும் திறந்திருந்தது.

கோட்டையின் உள்ளே செல்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் கடற்பக்கக் கட்டடத்தை. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு இரண்டு நிலைகளாகக் கட்டப்பட்ட இதில், கீழ்த்தளம் சரக்கு வைக்கவும், சமையலுக்கும், படைக்கலச் சேமிப்புக்கும், சிறைக்கும் பயன்பட்டது. மேல்தளத்தில் ஆளுநரும் உயர் அலுவலர்களும் வாழ்ந்தனர், வழிபாட்டுக்கும் ஓர் அறை இருந்தது. மேல்தளத்தின் பெரிய கூடத்தில் கவிமாடக் கூரை, அதாவது உத்தரமோ விட்டமோ இல்லாமல் செங்கல்லை வளைத்தே மூடிய கூரை, ஒட்டகத் திமில்கள் போலப் புடைத்து எழுகிறது. அந்த வளைவுகளின் சுமை நடுவிலுள்ள ஒற்றைத் தூணின்மேல் வந்து இறங்குகிறது. தூணருகே நின்று அண்ணாந்து பார்த்தால், நான்கு திசைகளிலிருந்தும் வளைவுகள் வந்து ஒன்றுசேரும் விதம் தெளிவாக விளங்கும். ஐரோப்பியர் இரும்பும் தேக்கும் தேடிக் காத்திருக்காமல், இந்த மண்ணில் கிடைத்த செங்கல்லையும் சுண்ணாம்பையும், இந்த ஊர்க் கொத்தனார்களின் கைத்திறனையும் நம்பியதால் விளைந்த கட்டடம் இது. தற்போது தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் அருங்காட்சியகமாக உள்ளது.

கீழ்த்தளத்துச் சிறைக்குத் தமிழ் நூல் வரலாற்றோடு நேரடித் தொடர்பு உண்டு. 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் பர்த்தலோமேயுஸ் சீகன்பால்கு, டேனிஷ் மன்னர் நான்காம் ஃபிரடெரிக்கால் அனுப்பப்பட்டவர் என்றாலும், உள்ளூர் ஆளுநர் ஹாசியுஸுக்கு அவர்மேல் நல்லெண்ணம் இல்லை. அடிமைகளிடமும் ஏழைகளிடமும் அவர் பழகியதும், ஒரு கைம்பெண்ணின் வழக்கில் தலையிட்டதும் வணிக அதிகாரத்தை உறுத்தின. விளைவு, 1708இன் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ நான்கு மாதங்கள் அவர் இக்கோட்டையில் சிறை வைக்கப்பட்டார். வெளிவந்தபின் 1712இல் அச்சியந்திரம் வந்தது. ஜெர்மனியின் ஹால்லே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டு வந்து சேர்ந்தன. அவற்றைக் கொண்டு புதிய ஏற்பாடு 1714-15இல் அச்சாகி நிறைவுற்றது. காகிதப் பஞ்சத்தைத் தீர்க்க அருகிலுள்ள பொறையாறில் காகித ஆலையும் அமைத்தனர். தமிழில் அச்சு வேரூன்றிய வரலாற்றில் இச்சிறு ஊருக்குள்ள இடத்தை, திடலில் நின்று கோட்டையைப் பார்க்கும் ஒவ்வொரு தமிழரும் அறிந்திருப்பது நன்று.

திடலின் எதிர்ப்பக்கம் வேறொரு மாற்றத்தைச் சொல்கிறது. 1784 முதல் ஆளுநர்கள் கோட்டைக்குள் வாழ்வதை விட்டு, திடலைப் பார்த்தபடி தூண்வரிசையும் தாழ்வாரமும் கொண்ட மாளிகைக்கு இடம்பெயர்ந்தனர். பீரங்கிகளின் பின்னால் ஒடுங்கி வாழ வேண்டிய அச்சம் குறைந்து, கடற்காற்று வரும் அகன்ற தாழ்வாரத்தில் அமர்ந்து ஆளலாம் என்ற நம்பிக்கை பிறந்ததன் அடையாளம் இது. போர்ப்பயிற்சிக் களமாக இருந்த வெளி, இதன்பிறகு ஆளுநரின் வாசல் முற்றமாகவும் ஆயிற்று. 1788 முதல் 1806 வரை ஆளுநராயிருந்த நார்வேக்காரர் பேட்டர் ஆங்கர் ஓவியராகவும் இருந்தார். இப்பகுதியின் கோயில்களையும் ஊரையும் அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள் ஆஸ்லோவில் உள்ளன. சிதைந்து கிடந்த இம்மாளிகையை டென்மார்க்கின் தேசிய அருங்காட்சியகமும் இந்தியக் கலை, பண்பாட்டு மரபு அறக்கட்டளையான இன்டாக்கும் தமிழக அரசுடன் சேர்ந்து மீட்டெடுத்தன.

கிங்ஸ் தெருவில் திடலை விட்டு மேற்கே நடந்தால், 1701இல் டேனிஷ்காரர்கள் தமக்கெனக் கட்டிய சீயோன் ஆலயமும், அதற்குச் சற்று அப்பால், தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக சீகன்பால்கு கட்டி 1718இல் திறந்த புதிய எருசலேம் ஆலயமும் வரும். பிந்தையதன் முகப்பில் மகுடத்தின் கீழ் மன்னர் நான்காம் ஃபிரடெரிக்கின் முத்திரை எழுத்துகள் காரையில் புடைத்து நிற்கின்றன. 1719இல் மறைந்த சீகன்பால்குவின் கல்லறை உள்ளே உள்ளது. தெரு முடியுமிடத்தில் 1792ஆம் ஆண்டு பொறித்த நகர வாயில் நிற்கிறது. வாயிலில் புகுந்து நேரே பார்த்தால் தெருவின் மறுகோடியில் திடலின் வெளிச்சம் தெரியும். தரைவழி வந்தவரைக் கடலை நோக்கி இழுத்துச் செல்லும் இந்த நேர்கோட்டு அமைப்பு திட்டமிட்டு வகுத்தது. தமிழகத்தின் கோயில் நகரங்கள் நடுவிலிருந்து வெளியே வீதி வீதியாக விரிபவை. இதுவோ வாயிலையும் கரையையும் இணைக்கும் ஒற்றைக் கோட்டில் அமைந்தது.

1845இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள செராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கிழக்கிந்திய நிறுவனத்துக்கு விற்றது. சில காலம் தஞ்சை மாவட்டத் தலைமையிடமாக இருந்த ஊர், 1860ஐ ஒட்டி அந்தத் தகுதியை இழந்தது. அடுத்து நாகப்பட்டினத்துக்கு இரயில் பாதை வந்ததும் கப்பல் சரக்கெல்லாம் அங்கே திரும்பியது. மயிலாடுதுறையிலிருந்து 1926இல் வந்த மீட்டர் பாதை இரயிலும் 1986இல் நின்றுபோனது. வணிகம் செழித்திருந்தால் திடலில் கடைவரிசையும் கிடங்கும் எழுந்திருக்கும். ஊர் நலிந்ததால் வெளி தப்பியது. வறுமை காத்துக்கொடுத்த மரபு என்று இதைச் சொல்வது கசப்பாக இருந்தாலும், அதுவே உண்மை.

திறந்திருந்த பக்கத்தின் வழியாகவே அழிவும் வந்தது. சோழமண்டலக் கரையின் இப்பகுதியைக் கடல் நூற்றாண்டுகளாக அரித்து வருகிறது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலைவாய்ப்பட்டு விழுந்துவிட்டது. ஊரைச் சூழ்ந்திருந்த டேனிஷ் மதிலின் கடற்பக்கமும் பெரும்பாலும் எஞ்சவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, அன்று தரங்கம்பாடியை உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கரையோர மீனவர் குப்பங்களே அதிகம் இழந்தன. கோட்டை பெரும் சேதமின்றி நின்றதைப் பலர் வியந்து பேசுவர். அதே அலை கோட்டைக்கு அருகிலேயே வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த வரலாறு முழுமையாகும். பேரிடருக்குப் பின் மீனவக் குடும்பங்கள் பல கரையை விட்டு உள்ளே அமைத்த குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டன. கரையில் கருங்கற்களைக் குவித்து அலைத்தடுப்பு அமைக்கப்பட்டது. கல் கொட்டிய இடத்தில் அரிப்பு தணிந்தாலும், மணல் நகரும் இயல்பான போக்கைத் தடுப்பதால் அத்தகைய தடுப்புகள் பக்கத்துக் கரையை வலுவிழக்கச் செய்யக்கூடும் என்பது கடலோரப் பொறியியல் அறிந்த உண்மை. கட்டுமரத்தையும் கண்ணாடியிழைப் படகையும் கரையேற்ற மணற்பரப்பை நம்பியிருக்கும் மீனவருக்கு இது அன்றாடக் கவலை.

தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் தமிழருக்கும் இத்தகைய இடங்களைப் பார்க்கும் கண் தம் ஊரிலேயே பழகலாம். எடுத்துக்காட்டாக, புணே நகரின் வடகிழக்கே, இன்று விமான நிலையத்தால் அறியப்படும் லோஹேகாவில் குடியிருப்போருக்கு, அருகிலுள்ள வரலாற்றுச் சதுக்கம் சனிவார் வாடாவின் முன்வெளி. மராட்டிய அரசின் தலைமை அமைச்சரான பேஷ்வா முதலாம் பாஜிராவ் 1730இல் அடிக்கல் நாட்டிய அந்த அரண்மனை 1828இல் தீயில் அழிந்தது. மதிலும், வடக்கே தில்லியை நோக்கிய தில்லி வாயிலும், அதன் முன்னுள்ள திறந்தவெளியும் எஞ்சின. வாயில் பார்க்கும் திசையே பேஷ்வாக்களின் நோக்கத்தைச் சொல்வதால், கடல் இல்லாத ஊரிலும் திறந்த பக்கம் பொருளுடையதே என்பது அங்கே விளங்கும். லோஹேகாவிலிருந்து விமானத்தில் சென்னை வந்து, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி கடந்து தெற்கே செல்பவர், அல்லது இரயிலில் மயிலாடுதுறை வந்து பேருந்து ஏறுபவர், தரங்கம்பாடியை எளிதில் அடையலாம்.

கோட்டையும் மாளிகையும் ஆலயங்களும் பாதுகாப்புப் பட்டியல்களில் இடம்பெற்றுவிட்டன; அவற்றை இணைக்கும் திடலுக்கு அத்தகைய கவனிப்பு இன்னும் போதிய அளவில் கிடைக்கவில்லை. சுவருக்கு ஒரு மதிப்பீடு உண்டு, கல்வெட்டுக்கு ஓர் எண் உண்டு. வெற்றிடத்தைக் கணக்கில் எழுதுவது எப்படி என்பது மரபுப் பாதுகாப்பில் கடினமான கேள்வி. திரியெஸ்தே 2001ஐ ஒட்டித் தன் சதுக்கத்துக்குப் புதிய கல்தளம் பாவியபோது, தூர்ந்துபோன படகுத்துறையின் நினைவாகத் தரையில் நீலநிற விளக்குகளைப் பதித்தது; வாகன நிறுத்தமாகச் சுருங்கிப்போயிருந்த வெளி நடப்பவருக்குத் திரும்பியது. தரங்கம்பாடிக்கு அத்தனை செலவு தேவையில்லை. வாகனங்களைத் திடலுக்கு வெளியே நிறுத்தச் செய்வதும், நிழலுக்கான மரங்களைப் பார்வைக்கோட்டை மறைக்காமல் ஓரங்களில் வளர்ப்பதும், மாலையில் பந்தாடும் ஊர்ப்பிள்ளைகளையும் காற்று வாங்க வரும் குடும்பங்களையும் விரட்டாமல் அவர்களுக்குரிய இடமாகவே வைத்திருப்பதும், இந்தத் திடல் எதற்காக விடப்பட்டது, பின்னர் எப்படி மாறியது என்று தமிழில் தெளிவாக எழுதிய பலகை ஒன்றை நடுவதும் பேரூராட்சியாலும் தொல்லியல் துறையாலும் செய்யக்கூடிய வேலைகளே.